பெரிய தொலைநோக்கிக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

70 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகளையும் சனியின் வளையத்தையும் பார்த்துப் பழகியவருக்கு இன்னும் பெரிய கருவி வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வாங்கப் போகும் பலரும் முதலில் கேட்பது அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதைத்தான். உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தூரத்தை, ஐபீஸ் எனப்படும் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். வில்லையை மாற்றினால் அதுவும் மாறிவிடும். 200 மில்லிமீட்டர் கருவியில்கூடப் பெரும்பாலான இரவுகளில் வளிமண்டலத்தின் அசைவு 200, 250 மடங்குக்கு மேல் தெளிவாகப் பார்க்க விடாது. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் '500 மடங்கு' போன்ற எண்களை நம்பி விலை கொடுக்க வேண்டாம்.

கேட்க வேண்டியது ஒளியைத் திரட்டும் முதன்மை ஆடியின் அல்லது முன் வில்லையின் விட்டம்; மில்லிமீட்டரில் சொல்லப்படுவது அதுதான். சேரும் ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 114 மில்லிமீட்டரிலிருந்து 130க்கு மாறினால் 1.3 மடங்கு ஒளிதான் கிடைக்கும். கண்ணுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 70லிருந்து 200க்குச் சென்றால் 8 மடங்கு கிடைக்கும். சிறிய கருவியில் மங்கிய பஞ்சுத் திட்டாகத் தெரிந்த எம் 13 எனும் கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டம்), 200 மில்லிமீட்டர் ஆடியில் விளிம்பெங்கும் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து தெரியும். மிகச் சிறிய தாவலுக்குப் பணத்தைச் செலவிடுவதைவிட, சில மாதங்கள் பொறுத்திருந்து சேமிப்பது மேல்.

அதற்காக, கையிருப்பு அனுமதிக்கும் மிகப் பெரிய ஆடியை வாங்குவதும் தவறு. தரையில் வைக்கும் எளிய தாங்கியில் அமர்ந்த டாப்சோனியன் வகையில் 200 மில்லிமீட்டர் கருவி தாங்கியோடு சேர்த்து ஏறத்தாழ 20 கிலோவுக்கு மேல் இருக்கும். குழாயையும் தாங்கியையும் தனித்தனியாக ஒருவரே தூக்கிவிடலாம். 300 மில்லிமீட்டர் கருவியை மாடிப்படியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மின்தூக்கி மொட்டை மாடிவரை போகாத அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் இதை வாங்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியே எடுத்து வைக்கத் தயங்கும் கருவி எத்தனை பெரிய ஆடி கொண்டிருந்தாலும் பயன்படாது.

தாங்கியைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள், வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஈக்குவட்டோரியல் தாங்கியைப் புகழ்ந்து பேசுவது அவர்களுடைய வானத்தை வைத்து. அந்தத் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும்; சென்னையில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலும், கன்னியாகுமரியில் 8 பாகையிலும்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரோ தென்னையோ போதும், அது மறைந்துவிடும். அச்சு தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகச் சாய வேண்டியிருப்பதால், சில தாங்கிகள் அவ்வளவு தாழ்வாக இறங்குவதே இல்லை. இறங்கினாலும் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். நீண்ட நேரப் புகைப்படம் எடுக்கும் எண்ணம் இல்லாதவருக்கு, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் நகர்த்தும் எளிய டாப்சோனியனே போதும் என்பது என் உறுதியான கருத்து.

நகர வெளிச்சத்தைப் பெரிய ஆடி வென்றுவிடும் என்ற நம்பிக்கையும் ஏமாற்றத்தில்தான் முடியும். நிலவு, கோள்கள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு நகரம் தடையில்லை. ஆனால் மங்கலான விண்மீன் திரள்களை (கேலக்ஸிகளை) பொறுத்தவரை, ஆடி அவற்றின் ஒளியோடு பின்னணி வானத்தின் வெளிச்சத்தையும் சேர்த்தே திரட்டும். காவலூர் வான்நோக்கு நிலையம் ஜவ்வாது மலைக் காடுகளுக்கு நடுவே அமைந்திருப்பதில் இருண்ட வானத்துக்கும் பங்குண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குக் காரில் கொண்டுபோக முடிகிற அளவே உங்களுக்கு உரிய அளவு.

பணம் முழுவதையும் குழாயிலேயே போட்டுவிடாதீர்கள். ஆடிகளை நேர்ப்படுத்தும் சிறு கருவிக்கும், ஒரு நல்ல ஐபீஸுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். ஆடிகள் நேர்ப்படாத 200 மில்லிமீட்டர் கருவியில் சனி தெளிவற்ற உருவமாகவே தெரியும். பழைய தொலைநோக்கியை விற்கவும் அவசரப்பட வேண்டாம். 1200 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் காட்டும் பரப்பு ஏறத்தாழ 1 பாகைதான். கார்த்திகைக் கொத்து அதில் முழுமையாக அடங்காது. 700 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள பழைய கருவியில் அதே ஐபீஸ் கொத்து முழுவதையும் சுற்றியுள்ள வானத்தோடு காட்டும்.