கான்டாக்ட் கொடுத்ததும் சால்வர் நின்றுவிடுகிறதா? ஒரு பின்னை வைத்துப் பார்க்கலாம்

ஒரு பொருளை எலிமெண்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து, விசையில் அது எப்படி வளைகிறது என்று கணினியில் கணக்கிடுவது ஃபைனைட் எலிமெண்ட் முறை; அந்தக் கணக்கைத் தீர்க்கும் நிரல் சால்வர். இரண்டு பாகங்களை டை (பிரியாமல் ஒட்டிவைக்கும் இணைப்பு) போட்டு ஒட்டினால் ஓடுகிற மாடல், கான்டாக்ட் (தொட்டால் தள்ளும், விலகவும் விடும் தொடர்பு) கொடுத்ததும் நின்றுவிடும். ஃபைனைட் எலிமெண்ட் புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டுவார்கள். உடனே கை போவது பெனால்டி ஸ்டிஃப்னஸ் (ஒரு பாகம் மற்றதற்குள் புதைவதை எதிர்க்கும் விறைப்பு), ஸ்டெபிலைசேஷன் (பிடிப்பில்லாத பாகத்தை நிறுத்தச் சேர்க்கும் செயற்கைத் தடை) மாதிரியான எண்களுக்கு. அதையெல்லாம் அப்புறம் தொடலாம். இரண்டு பாகமும் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்னால் அந்தப் பாகத்தை எது பிடித்து நிறுத்துகிறது என்று முதலில் பாருங்கள்.

உதாரணம்: 20 மி.மீ. துளை உள்ள எஃகுத் தகடு, துளைக்குள் 19.9 மி.மீ. விட்டமுள்ள பின். தகட்டின் மேல் முனையைக் கட்டியிருக்கிறோம், பின்னைக் கீழே இழுப்பது 5000 நியூட்டன். சுற்றிலும் 0.05 மி.மீ. இடைவெளி. ஸ்டேட்டிக் கணக்கில் நிறைக்கு வேலை இல்லை என்பதால், பின் துளையைத் தொடும்வரை அந்த 5000 நியூட்டனை எதிர்க்க எதுவுமே கிடையாது. சால்வர் பின்னை எங்கேயோ அனுப்பிவிட்டு விழிக்கும். நான் சொல்வது அபாகஸ் மென்பொருளின் பழக்கத்தில். ஆன்சிஸ் மென்பொருளிலும் பெயர்தான் மாறும்.

முதல் வேலை, சால்வர் எழுதிவைக்கும் மெசேஜ் ஃபைலைத் திறப்பது. கடைசியில் இருக்கும் 'டூ மெனி அட்டெம்ப்ட்ஸ்' (பலமுறை முயன்றும் முடியவில்லை) வரியை விடுங்கள், அது வெறும் விளைவு. மேலே போய் முதல் எச்சரிக்கையைத் தேடுங்கள். 'நியூமெரிக்கல் சிங்குலாரிட்டி' (கணக்குக்கு ஒரே விடை இல்லை) என்று சொல்லி ஒரு நோட் (எலிமெண்டின் மூலைப்புள்ளி) எண்ணும், டி.ஓ.எஃப். (நகரும் திசை) 2 என்றும் இருந்தால், அந்த நோட் பின்னில் இருக்கிறது, ஒய் திசையில், அதாவது மேலும் கீழுமாக, பிடிப்பில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, கான்டாக்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் டை போட்டு ஓட்டுங்கள். அதுவும் நின்றால் கோளாறு மெட்டீரியலிலோ பவுண்டரி கண்டிஷனிலோ (எங்கே எப்படிக் கட்டியிருக்கிறோம் என்பதிலோ) இருக்கிறது, கான்டாக்டைத் திட்டிப் பயனில்லை. ஓடினால், டையை எடுத்துவிட்டு ஒரு ஃப்ரீக்வென்சி ஸ்டெப் (இயல்பு அதிர்வெண்களைக் கணக்கிடும் கட்டம்) போடுங்கள். அடர்த்தி கொடுக்க மறக்காதீர்கள்: மி.மீ., டன் கணக்கில் எஃகுக்கு 7.85 × 10⁻⁹. பூஜ்யத்தை ஒட்டி எத்தனை அதிர்வெண் வருகிறதோ, அத்தனை விதமாகப் பாகம் சுதந்திரமாக ஆடுகிறது. நம் பின்னுக்கு ஆறு வரும்: மூன்று திசையில் நகர்வு, மூன்று அச்சில் சுழற்சி. அனிமேஷன் ஓடவிட்டால் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஆறையும் குறைப்பது. தகட்டின் தடிமன் நடுவிலும், லோடு போகும் செங்குத்துத் தளத்திலும் வெட்டிக் கால் மாடலாக்கி, வெட்டிய முகங்களில் சிமெட்ரி (சமச்சீர்க் கட்டுப்பாடு) கொடுங்கள். ஐந்து போய்விடும், மிச்சம் மேலும் கீழும் நகர்வது மட்டும். லோடையும் 1250 நியூட்டனாக மாற்ற வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மிச்சமிருக்கும் அந்த ஒன்றுக்கு ஸ்டெப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் ஸ்டெப்பில் விசையே வேண்டாம், பின்னை 0.06 மி.மீ. கீழே நகர்த்துங்கள்; இடைவெளி மூடிப் பின் லேசாக அழுந்தி உட்காரும். இரண்டாவது ஸ்டெப்பில் அந்த நகர்வை எடுத்துவிட்டு 1250 நியூட்டன் கொடுங்கள். தொடக்க இன்கிரிமென்டை (ஸ்டெப்பின் எத்தனை பங்கை முதலில் ஏற்றுவது என்ற அளவை) 1 என்றே விடாமல் 0.1 வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தகராறு செய்தால் மெஷ்ஷைப் (எலிமெண்ட் வலையைப்) பாருங்கள், இங்கேதான் பெரும்பாலானோர் தேடுவதில்லை. துளையைச் சுற்றி 16 நேர்க்கோட்டு எலிமெண்ட் வைத்தால் அது வட்டமில்லை, பதினாறு பக்க உருவம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் உண்மையான வட்டத்திலிருந்து 0.19 மி.மீ. உள்ளே வந்துவிடும், நம்மிடம் இருக்கும் இடைவெளியோ 0.05! பின்னின் நோட்கள் துளையின் நோட்களுக்கு நேராக அமையாவிட்டால், லோடு கொடுப்பதற்கு முன்பே பின் தகட்டுக்குள் புதைந்திருக்கும். 32 எலிமெண்டில் இது 0.048, இன்னும் விளிம்பில்தான். 64 வைத்தால் 0.012, அது போதும். இரண்டாம் படி எலிமெண்ட் (பக்க நடுவிலும் நோட் உள்ளது) வளைவை ஒட்டிப் போகும் என்பதால் அதுவும் நல்ல வழி.

சிலர் புதைவைச் சரிசெய்ய அட்ஜஸ்ட் டாலரன்ஸை (எவ்வளவு தூரத்துக்குள் உள்ள நோட்களைத் தொடும்படி நகர்த்துவது என்ற அளவை) 0.06 என்று கொடுத்துவிடுவார்கள். மாடல் அருமையாக ஓடும், ஆனால் நோட்களை நகர்த்தி இடைவெளியையே அழித்துவிட்டிருக்கும், பின் சுற்றிலும் துளையை ஒட்டி நிற்கும். அந்தக் கான்டாக்ட் அழுத்தத்துக்கு மதிப்பில்லை.

உராய்வைக் கடைசியில் சேருங்கள். முதலில் பூஜ்யத்தில் ஓடட்டும், அப்புறம் 0.1, 0.15 என்று ஏற்றலாம். நோட்கள் ஒட்டுவதும் விடுவதுமாகவே இட்டரேஷன் (விடையைத் திருத்தித் திருத்தித் தேடும் சுற்றுகள்) போனால் அப்போது பெனால்டி ஸ்டிஃப்னஸைக் குறைத்துப் பாருங்கள், புதைவு எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்து.

ஸ்டெப்பில் ஆட்டோமேட்டிக் ஸ்டெபிலைசேஷன் போட்டிருந்தால், தகட்டின் மேல் முனையில் எதிர்விசையாக வரும் ரியாக்‌ஷனைக் கூட்டிப் பாருங்கள். 1250 வர வேண்டும். தெளிவாகக் குறைகிறது என்றால் மீதியை ஸ்டெபிலைசேஷன் விழுங்கியிருக்கிறது. அந்த எண்ணைப் பத்தில் ஒன்றாக்கி மறுபடி ஓட்டுங்கள்.