80களின் சத்தத்தைக் கடன் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் பாட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். அதை ஸ்டூடியோ என்று சொல்ல எனக்கே கூச்சம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை, மூன்றாம் மாடி, சுவரில் நுரை ஒட்டிய படுக்கையறை. கரையோர ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"அண்ணா, எயிட்டீஸ் சவுண்ட் வேணும். த வீக்கெண்ட் செய்த மாதிரி."

த வீக்கெண்ட் கனடாவின் பொப் பாடகர். தம்பியின் லப்டொப்பைத் திறந்தால் 64 ட்ராக், அதாவது தனித்தனி ஒலி வரிசைகள். பின்னணியில் நீண்டு ஒலிக்கும் மூன்று சின்த் (மின்னணுக் கீபோர்ட்) பேட், அதன்மேல் மணி மாதிரி ஒரு எலெக்ட்ரிக் பியானோ, ஸ்லாப் பேஸ், உருண்டு இறங்கும் எலெக்ட்ரொனிக் டொம், கைதட்டல், கோரஸ் என்ற தடிப்பாக்கும் எஃபெக்ட் போட்ட கிட்டார், எங்கோ ஒரு சக்ஸபோன், எல்லாவற்றுக்கும் அடியில் கசெட் இரைச்சல். அந்தப் பத்தாண்டில் கேட்ட எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக மியூட் பண்ணிக்கொண்டே போனேன். ட்ரம், பேஸ், ஒரு பேட், ஒரு லீட், குரல் என்று ஏழு ட்ராக் மிஞ்சியபோது அவரே நிமிர்ந்தார். "இப்பத்தான் அண்ணா அது மாதிரிக் கேக்குது."

என்னிடம் வரும் பாட்டுகளில் பாதியாவது விழுவது இந்தக் குழியில்தான். அந்தக் காலத்துக் கருவிகளால் இவ்வளவையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. 1978இல் வந்த புரொஃபெட்-5 சின்தில் ஒரே சமயத்தில் ஐந்து சுரம்தான் ஒலிக்கும். ரோலண்ட் ஜூனோ சின்தில் ஆறு. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 பதினாறு கொடுத்தது, அது அப்போது பெரிய ஆடம்பரம். இன்றைக்கு அந்தக் கருவிகளைக் கணினியில் போலச் செய்யும் பிளக்-இன்னில் பத்து விரலையும் வைத்து, பெடலையும் மிதித்து, ஒரு கோர்ட்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) வால் அடுத்த கோர்ட்டுக்குள் போய்ப் புரளும்படி வாசிக்கிறோம். சத்தம் என்னவோ ஜூனோவினுடையதுதான், ஆனால் அப்படி வாசிக்க எந்த ஜூனோவும் விட்டிருக்காது. பிளக்-இன்னில் 'வொய்ஸ்' எண்ணிக்கையை ஆறுக்குக் குறைத்துப் பாருங்கள். கோர்ட் மாறும்போது பழைய சுரம் பட்டென்று நிற்கும். அந்தச் சின்ன வெட்டில்தான் காலம் கேட்கும்.

கோரஸ் கதையும் இதேதான். ஜூனோவில் ஒரு சுரத்துக்கு ஒரே ஒரு ஒஸிலேட்டர், அதாவது ஒலியை உண்டாக்கும் பகுதி. அதனால் சத்தம் மெலிந்திருக்கும். அந்த மெலிவை மறைக்கத்தான் உள்ளேயே கோரஸ் வைத்தார்கள். இப்போது ஏற்கெனவே மூன்று அடுக்காகத் தடித்திருக்கும் ஒரு சத்தத்தின்மேல் அதே கோரஸைப் போட்டால் கூழாகிவிடும். மெலிந்த சத்தத்திலிருந்து தொடங்குங்கள். தனியாகக் கேட்கும்போது 'இது போதாதே' என்று தோன்றினால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

இனி ஸ்னேர் ட்ரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொண்ணூறு வீதமான பெடியன்கள் செய்வது 'ரிவேர்பைக் கூட்டு', அதாவது அறை முழக்கத்தைக் கூட்டு என்பதைத்தான். 80களின் அந்தப் பெரிய ஸ்னேர் ரிவேர்பைக் கூட்டியதால் வரவில்லை, அதை நடுவில் வெட்டியதால் வந்தது. 1980இல் வெளியான இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது அல்பத்துக்கு, லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பில் கொலின்ஸ் ட்ரம் அடித்துக்கொண்டிருந்தார். பொறியாளர் ஹியூ பட்ஜம். உள்ளே இருப்பவர்கள் பேசுவது வெளியே கேட்பதற்காக அறையில் ஒரு மைக் தொங்கும். யார் எங்கே நின்று பேசினாலும் கேட்க வேண்டும் என்பதால் அதில் சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரெஸரைப் பலமாகப் போட்டிருப்பார்கள். அந்த மைக் வழியாக ட்ரம் சத்தம் வந்தபோது அறையே வெடிப்பதுபோல் இருந்தது. அதோடு ஒரு 'கேட்' சேர்ந்தது, அதாவது சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் படாரென்று சாத்திக்கொள்ளும் படலை. முழங்கி எழுந்த சத்தம், அடங்குவதற்கு முன்பே மௌனம். மறுவருடம் கொலின்ஸின் சொந்தப் பாட்டு வந்து அதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ரிவேர்ப், அதற்குப் பிறகு படலை. மாற்றிப் போட்டால் ஸ்னேர்தான் வெட்டுப்படும், ரிவேர்பின் வால் நீண்டுகொண்டே போகும். படலையைத் திறக்கும் சாவி ரிவேர்ப் போடாத வெறும் ஸ்னேராக இருக்கட்டும், அப்போதுதான் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் திறக்கும். எப்போது மூட வேண்டும் என்பது பாட்டின் வேகத்தைப் பொறுத்தது. தம்பி சொன்ன வீக்கெண்டின் 'பிளைண்டிங் லைட்ஸ்' என்ற 2019 பாட்டு நிமிடத்துக்கு 171 அடி, அதாவது ஓர் அடிக்கு சுமார் 350 மில்லி செக்கன். தம்பியின் பாட்டோ நிமிடத்துக்கு 100 அடி, ஓர் அடிக்கு 600. வேறொருவர் யூடியூபில் சொன்ன அளவை அப்படியே போட்டால் எப்படிப் பொருந்தும்? அடுத்த அடி விழுமுன் மௌனத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று காதால் பார்த்துத் திருகுங்கள். தயவுசெய்து இதைக் குரலில் போடாதீர்கள். பாடுகிறவர் தண்ணீர்த் தாங்கிக்குள் விழுந்து எழும்பியதுபோல் இருக்கும்.

கசெட் இரைச்சலுக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 80களின் ஸ்டூடியோக்காரர்கள் இரைச்சலை ஒழிக்கப் படாத பாடு பட்டார்கள், டொல்பி போன்ற இரைச்சல் குறைப்பு முறைகளெல்லாம் அதற்காகத்தான். 1982இல் சீடியே வந்துவிட்டது. அந்தக் காலத்தின் ஆசை பளிங்குபோன்ற சத்தம். இரைச்சல் எல்லாம் நம் பக்கத்தில் நடந்தது. றெக்கோடிங் பாரில் வெறும் கசெட்டைக் கொடுத்து, பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, நகலுக்கு நகல் எடுத்து, கொழும்பு வெக்கையில் வைத்துக் கேட்டோம். வானொலி என்றால் மத்திய அலைவரிசை, கையளவு ஸ்பீக்கர். நாம் நினைவில் வைத்திருப்பது அந்த ஸ்பீக்கரைத்தான். எனவே இரைச்சலைப் பாட்டுக்குள் ஊற்றாமல், மிக்ஸ் முடிந்ததும் ஒரு பழைய ட்ரான்சிஸ்டர் அளவு ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அதில் பேஸின் மெட்டும் குரலும் தெளிவாக வந்தால் பாட்டு தேறும்.

கடைசியில் எல்லாவற்றையும் சத்தத்தின் உச்சத்தை வெட்டும் லிமிட்டரில் போட்டு நசுக்குவதும் வேண்டாம். ஸ்பொட்டிஃபை இயல்பாகவே பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. கூடுதலாகக் கத்தினால் அது குறைத்துவிடும், நீங்கள் பாடுபட்டுச் செய்த ஸ்னேரின் முகம் மட்டும் சப்பையாகிப்போயிருக்கும்.

பத்தாண்டுகளைக் குழப்புவதும் சாதாரணம். நாலு அடியும் விழும் கிக் ட்ரம், மேலே பறக்கும் வயலின் என்றால் அது பெரும்பாலும் 70களின் டிஸ்கோ. துவா லிப்பாவின் 2020 அல்பத்தில் டிஸ்கோவும் 80களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவர் தெரிந்து கலந்திருக்கிறார், நாம் தெரியாமல் கலக்கிறோம். மறுபுறம் இன்றைய ட்ராப் (ஹிப்-ஹொப் வகை) பாட்டுகளில் அதிரும் 808 உண்மையிலேயே 1980இல் வந்த ட்ரம் மெஷின்தான். ஆனால் அதன் கிக்கை இழுத்து பேஸாக்குவது இந்தக் காலத்துக் கைவேலை. மெஷின் பழையது என்பதற்காகப் பாட்டு பழையதாகிவிடாது.

தமிழில் பாடுகிறவர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டின் மெட்டு ஓட்டத்தை வைத்துக்கொண்டு சொற்களைப் பிறகு அடைப்பார்கள். அந்த மெட்டில் சொல்லின் முதல் அசை நீளும். நம் தம்பி எழுதியது "என் மனம் போச்சே". நீண்ட சுரம் விழுந்தது 'ம'வில். ஹெட்போனில் கேட்டால் சுத்தமாக "என் மானம் போச்சே". காதல் பாட்டு பொலிஸ் முறைப்பாடாகிவிட்டது. இன்னொருவர் "என்னை விடு" என்று எழுதி "என்னை வீடு" என்று பாடிவிட்டுப் போனார். குறிலை நீட்டினால் நம் மொழியில் சொல்லே மாறிவிடும், ஆங்கிலத்துக்கு இந்தத் தலைவலி இவ்வளவு இல்லை. வழி சுலபம்: நீளும் சுரத்தில் நெடிலை வையுங்கள், அல்லது மெல்லின ஒற்றில் நிற்கும் சொல்லை வையுங்கள். "நெஞ்சம் போச்சே" என்று மாற்றினோம். 'ஞ்'சில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், மானத்துக்கு ஆபத்தில்லை.

அப்புறம் ஒரு கேள்வி. யாருடைய 80கள்? வீடியோவுக்கு நியோன் வெளிச்சமும் தென்னை மரமும் வேண்டும் என்று கேட்கிறார்கள். தென்னைக்கு நமக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவர்கள் மனதில் இருப்பது மியாமி. நம் வீடுகளில் அந்தப் பத்தாண்டு ஒலித்தது பெரும்பாலும் இளையராஜாவாக. அங்கே பேஸ் கிட்டார் சும்மா தாளத்தோடு தட்டிக்கொண்டிருக்காது, பாடும் குரலுக்கு எதிரே தனி மெட்டாக நடக்கும். வயலின்களும் புல்லாங்குழலும் ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை. 80களின் நடுப்பகுதியில் சின்தும் ட்ரம் மெஷினும் துணிச்சலாக உள்ளே வந்தபோதும் அந்த பேஸ் நடை போகவில்லை. ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் என்று நம்மவர்களின் பொப்பிசை கொடிகட்டிய காலமோ அதற்கும் முந்தியது, 70கள். அதன் பைலாத் துள்ளலைக் கொண்டுவந்து டிஎக்ஸ்7 மணிச் சத்தத்தோடு வைத்தால் என்ன ஆகும் என்று இன்னும் யாரும் என் அறையில் முயன்று பார்க்கவில்லை. வந்தால் பாதிக் காசுக்குச் செய்து கொடுப்பேன்.

கடைசியாக, கடன் வாங்குவதற்கும் களவெடுப்பதற்கும் இடையிலுள்ள கோடு. ஒரு காலத்தின் சத்தம், அதாவது ஸ்னேரின் தன்மை, சின்தின் நிறம், வேகம் எல்லாம் பொதுவாக யாருக்கும் சொந்தமில்லை. மெட்டும் வரிகளும் ஒருவருக்குச் சொந்தம், பதிவு செய்த ஒலி இன்னொருவருக்குச் சொந்தம். இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை நிற்கும். 80களின் பாட்டு ஒன்றுகூடப் 'பழசுதானே' என்ற கணக்கில் வராது. 'நாலு செக்கன் எடுத்தால் பிரச்சினையில்லை' என்பது கட்டுக்கதை. மார்க் ரொன்சனும் புரூனோ மார்ஸும் 2014இல் கொடுத்த பெரிய ஹிட்டில், மறுவருடம் கேப் பேண்ட் குழுவினரையும் பாடலாசிரியர்களாகச் சேர்க்க வேண்டி வந்தது, காரணம் அவர்களுடைய 1979 பாட்டோடு இருந்த ஒற்றுமை. இளையராஜாவும் தன் பழைய பாட்டுகளைக் கேட்காமல் எடுத்தவர்களுக்கு 2024இல் நோட்டீஸ் அனுப்பினார். யூடியூபிலிருந்து வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக நீங்களே வாசித்துவிடுங்கள், அதுவும் வேறு மெட்டில்.

தம்பியின் பாட்டில் இன்னும் ஒன்று பாக்கி. இரண்டாம் சரணத்தில் அவர் மிக நன்றாகப் பாடிய ஒரே டேக்கில், ஒழுங்கைக்குள் பாண் விற்க வந்த சூன் பாண் ஓட்டோவின் கீச்சு மெட்டு பின்னால் பதிவாகிவிட்டது. மலிவான 80கள் விளையாட்டுக் கீபோர்ட் மாதிரியே கேட்கிறது. அழிக்க வேண்டாம், இருக்கட்டும் என்கிறார். நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த மெட்டு பீத்தோவனுடையது. மனுஷன் இறந்தது 1827இல். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.