கிட்டில் எழுதி எஸ்விஎன்னுக்கு அனுப்புவது: டார்டாய்ஸ்கிட் வழியாக

வேர்ட்பிரஸ் பிளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) எழுதுகிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. நிரலை, அதன் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கருவியான கிட்டில் வைத்திருப்போம். வேர்ட்பிரஸ் தளமோ அதே வேலைக்கான பழைய கருவியான எஸ்விஎன்னில்தான் வாங்கிக்கொள்ளும். கோப்புகளை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். விண்டோஸில் அதற்கு அவசியமில்லை, மவுஸை வைத்தே இரண்டையும் இணைத்துவிடலாம்.

முதலில் கிட் ஃபார் விண்டோஸ், டார்டாய்ஸ்கிட், டார்டாய்ஸ்எஸ்விஎன் மூன்றையும் நிறுவிக்கொள்ளுங்கள். டார்டாய்ஸ்கிட் கட்டளைகளை மவுஸால் இயக்க உதவும் வெறும் முகம்தான். பின்னால் வேலை செய்வது கிட்டின் 'எஸ்விஎன்' கட்டளை. அது உங்கள் கிட் பதிப்போடு வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது குளோன், அதாவது கிடங்கில் இருப்பதை வரலாற்றோடு உங்கள் கணினிக்கு இறக்குவது. பலரும் மாட்டுவது இங்கேதான். எல்லா பிளகின்களுக்கும் ஒரே எஸ்விஎன் கிடங்கு. அதன் ரிவிஷன் எண் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று ஏறும் வரிசை எண்) 30 லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. முதல் ரிவிஷனிலிருந்து தேடச் சொன்னால் உங்கள் கணினி அதையெல்லாம் தோண்டிக்கொண்டே இருக்கும். அதனால் டார்டாய்ஸ்எஸ்விஎன்னின் 'ரெப்போ-பிரவுசரில்' உங்கள் பிளகின் முகவரியைத் திறந்து, அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ லாக்' போங்கள். 'ஷோ ஆல்' கொடுத்தால் கடைசி வரியில் உங்கள் பிளகின் பிறந்த ரிவிஷன் எண் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு காலி ஃபோல்டரில் ரைட் கிளிக், 'கிட் குளோன்'. முகவரியாகப் பிளகினின் வேர் முகவரியைக் கொடுங்கள், கடைசியில் 'டிரங்க்' (நடப்பு நிரல் இருக்கும் ஃபோல்டர்) சேர்க்க வேண்டாம். கீழே 'ஃப்ரம் எஸ்விஎன் ரெப்பாசிட்டரி' என்பதை டிக் செய்து, 'டிரங்க்' மட்டும் வைத்துக்கொண்டு 'டேக்ஸ்', 'பிராஞ்ச்' இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். 'ஃப்ரம்' என்ற இடத்தில் குறித்துவைத்த எண். பயனர்பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. கடவுச்சொல்லும் தளத்தில் நுழையும் அதே சொல் அல்ல. 2024 அக்டோபருக்குப் பிறகு எஸ்விஎன்னுக்கென்று தனியாக ஒன்றை உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

சரி, குளோன் ஆகிவிட்டது. இனி வழக்கம்போல் கமிட் செய்யலாம், அதாவது மாற்றங்களைக் கிட்டில் பதிவுசெய்யலாம். ஆனால் பத்துச் சின்ன கமிட்டுகளை அப்படியே அனுப்பினால் அங்கே பத்து ரிவிஷன்கள் விழும். அந்தக் கிடங்கு வெளியீட்டுக்கானது, அன்றாட வேலைக்கானது அல்ல என்று வேர்ட்பிரஸ்காரர்களே சொல்கிறார்கள். எனவே டார்டாய்ஸ்கிட் லாகில் அந்தக் கமிட்டுகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'கம்பைன் டு ஒன் கமிட்' கொடுத்து ஒன்றாக்கிவிடுங்கள். இரண்டு கிளைகளை இணைக்கும் மெர்ஜ் கமிட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். எஸ்விஎன்னுக்கு வரலாறு நேர்கோடாக இருந்தால்தான் சிக்கல் வராது.

அனுப்பும் முன் 'எஸ்விஎன் ரீபேஸ்'. அங்கே வேறு யாராவது மாற்றியிருந்தால் அது கீழே வந்து, உங்கள் கமிட் அதன்மேல் உட்காரும். அப்புறம் 'எஸ்விஎன் டிகமிட்', உங்கள் கமிட்டை எஸ்விஎன்னுக்கு அனுப்பும் கட்டளை. அவ்வளவுதான், போய்விட்டது.

கிட்ஹப்பிலும் வைத்திருப்பவர்கள் வரிசையை மாற்றக் கூடாது: முதலில் டிகமிட், பிறகுதான் புஷ் (கிட்ஹப்புக்கு ஏற்றுவது). டிகமிட் செய்யும்போது ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் எஸ்விஎன் அடையாள வரி ஒன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் கமிட்டின் ஹாஷ் (அதை அடையாளம் காட்டும் குறியீடு) மாறிவிடும். முன்பே புஷ் செய்திருந்தால் கிட்ஹப்பில் ஒரு வரலாறு, உங்களிடம் வேறொரு வரலாறு என்று ஆகிவிடும்.

டேகை (வெளியிடும் பதிப்புக்கான தனி நகல்) மட்டும் டார்டாய்ஸ்எஸ்விஎன்னிலேயே போட்டுவிடுங்கள், அதுதான் எளிது. ரெப்போ-பிரவுசரில் 'டிரங்க்' மேல் ரைட் கிளிக், 'காப்பி டு', 'டேக்ஸ்' ஃபோல்டருக்குள் புதிய பதிப்பு எண். டிகமிட் முடிந்த கையோடு இதைச் செய்துவிட வேண்டும். ரீட்மி கோப்பில் 'ஸ்டேபிள் டேக்' என்று நீங்கள் எழுதிய எண்ணும் இந்த ஃபோல்டரின் பெயரும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் பயனர்களுக்குப் புதிய பதிப்பு போய்ச் சேரும்.