கிலோமீட்டரை வகுத்தால் விமான நேரம் வந்துவிடாது

தூரத்தைத் தேடி எடுத்து, விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. லண்டன் - நியூயார்க் சுமார் 5,540 கி.மீ.; வகுத்தால் ஆறு மணி நேரம் சொச்சம் வருகிறது, டிக்கெட்டிலோ எட்டு மணி நேரம் போட்டிருக்கிறது. அந்த 900 மேலே ஏறி நிலைக்கு வந்த பிறகு உள்ள வேகம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, இறங்கியபின் நிற்க இடம் தேடிப் போவது எல்லாம் டிக்கெட் நேரத்தில் அடக்கம்.

போகிற நேரமே திரும்பி வரவும் ஆகும் என்று நினைப்பது அடுத்தது. மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று அடிக்கிறது, அதனால் அதே நியூயார்க்கிலிருந்து லண்டன் திரும்ப ஏழு மணி நேரமே போதும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகவே போய்ச் சேர்ந்தது.

அப்புறம் வரைபடம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது குறுக்குவழி ஆகாது. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானம் கிரீன்லாந்துப் பக்கம் போவதைத் திரையில் பார்த்துவிட்டு "ஏன் இப்படிச் சுற்றுகிறான்" என்பார்கள். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதுவும் அந்தப் பக்கம்தான் போகும். நிஜமாகவே சுற்றிப் போகிற விமானங்களும் உண்டு: 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பது மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரம் வரை இழுத்தது. தூரத்தை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மைல் என்று பார்த்தால் எந்த மைல் என்று கேளுங்கள். சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ.

ஆளை உண்மையில் கவிழ்ப்பது கடிகாரம்தான். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் வராது. கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, பத்து மணி நேரம் பறந்து, லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினால் அங்கே அதே நாள் காலை 11! இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் குட்டியாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம், அதைக் கவனிக்காமல் ஹோட்டலை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்பவர்கள் ஏராளம். நேர வித்தியாசமும் வருஷம் முழுக்க ஒன்றாக இருக்காது: அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறிலும் பிரிட்டன் அந்த மாதக் கடைசி ஞாயிறிலும் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கின்றன, இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து அல்ல, நான்கு மணி நேரம்தான். பழைய பயணத்து வித்தியாசத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுவதைவிட, டிக்கெட்டில் "மொத்தப் பயண நேரம்" என்று தனியாகப் போட்டிருப்பதைப் பார்ப்பது சுலபம். இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் காத்திருக்கும் நேரமும் அதிலேயே சேர்ந்திருக்கும். இறங்கிய பிறகு ஊருக்குள் போகும் நேரம் சேராது. டோக்கியோவின் நரிடா விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது.