இசட் மதிப்பு வந்ததும் அட்டவணையைத் திறக்காதீர்கள்

பாளை மார்க்கெட் நிறுத்தத்தில் ஜங்ஷன் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். சரியாக 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். நேரம் பார்க்காமல் வந்து நின்றவருக்குக் காத்திருப்பு 0 முதல் 20 நிமிடம் வரை எதுவாகவும் இருக்கலாம். எந்த நேரத்துக்கும் கூடுதல் வாய்ப்பு கிடையாது. இதுதான் சீரான பரவல். இரண்டு பஸ் சேர்ந்தாற்போல் வந்துவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமே வராத தடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பஸ் நேரம் தெரிந்து கிளம்பி வருகிறவருக்கும் பொருந்தாது.

முதலில் படம் போடுங்கள். பத்தமடைப் பாயை விரித்தாற்போல் ஒரு செவ்வகம்: நீளம் 20, உயரம் 1/20, பரப்பு 1. நிகழ்தகவு என்பது பரப்பு, உயரம் அல்ல. 5 நிமிடத்துக்குள் பஸ் வர வாய்ப்பு 5 × 1/20 = 0.25.

நூற்றுமானம் இதையே திருப்பிப் போடுவது. 90ஆம் நூற்றுமானம் என்றால், நூற்றில் 90 பங்கு காத்திருப்புகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்ற கேள்வி. கீழ் எல்லையுடன் (0.90 × அகலம்) கூட்டுங்கள்: 0 + 0.90 × 20 = 18 நிமிடம். கீழ் எல்லை 0 ஆக இருப்பதால் இங்கே தவறு தெரியாது. ஒரு பயணம் 25 முதல் 40 நிமிடம் வரை சீராகப் பரவியிருந்தால் பலர் 0.90 × 40 = 36 என்று எழுதிவிடுகிறார்கள். அகலம் 15தான், விடை 25 + 13.5 = 38.5.

ஏற்கெனவே 8 நிமிடம் நின்றாயிற்று, இன்னும் 5 நிமிடத்துக்கு மேல் நிற்க வாய்ப்பு எவ்வளவு? போன 8 நிமிடத்தை வெட்டி எறியுங்கள். மிச்சம் 8 முதல் 20 வரை, அகலம் 12. 13க்கு மேல் இருப்பது 7. விடை 7/12, சுமார் 0.58. 7/20 என்று எழுதினால் கடந்துபோன நேரத்தையும் எண்ணிக்கையில் சேர்த்தவர் ஆவீர்கள்.

இனி இசட் மதிப்பு. எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுக்க வேண்டும். சீரான பரவலில் சராசரி இரண்டு எல்லைகளின் நடு, இங்கே 10. திட்ட விலக்கம் அகலத்தை √12ஆல் வகுத்தது: 20 ÷ 3.464 = 5.77. ஆகவே 18 நிமிடத்தின் இசட் மதிப்பு 8 ÷ 5.77 = 1.39.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 1.39ஐப் பார்த்ததும் கை தானாக, ஓர் இசட் மதிப்புக்குக் கீழே எவ்வளவு பங்கு இருக்கிறது என்று காட்டும் அட்டவணைக்குப் போகிறது; அது 0.9177 என்கிறது. ஆனால் 18 நிமிடம் 90ஆம் நூற்றுமானம் என்று இப்போதுதான் கண்டோம். அந்த அட்டவணை இயல்நிலைப் பரவலுக்கானது. நடுவில் மேடாகி இருபுறமும் சரியும் வளைவுக்கு. பாய்க்கு அது உதவாது. இசட் மதிப்பு 1 என்றால் அட்டவணை 84 என்னும். சீரான பரவலில் அது 79ஆம் நூற்றுமானம்தான். இசட் மதிப்பு 2 என்பது 21.5 நிமிடம், அதற்குள் பஸ்ஸே வந்துபோயிருக்கும். அட்டவணையோ அதற்கும் மேலே 2.28 சதவீதம் பேரை நிறுத்தி வைக்கிறது. சீரான பரவலில் இசட் மதிப்பு 1.73ஐத் தாண்டவே தாண்டாது, −1.73க்குக் கீழே இறங்காது. தாண்டினால் உங்கள் கணக்கில் பிழை.

இசட் மதிப்பு சொல்வது சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளியிருக்கிறோம் என்பதை மட்டுமே. நூற்றுமானம் வேண்டுமானால் பரவலின் வடிவமும் தெரிய வேண்டும்.

மதிப்பெண்கள் ஏறக்குறைய இயல்நிலையில் பரவியிருந்தால் அட்டவணையைத் தாராளமாக எடுக்கலாம். கணக்கில் 72, வகுப்புச் சராசரி 60, திட்ட விலக்கம் 8: இசட் மதிப்பு 1.5. இயற்பியலில் 78, சராசரி 70, திட்ட விலக்கம் 10: 0.8. மதிப்பெண் குறைந்தாலும் கணக்கில்தான் நிலை உயர்வு. உங்கள் அட்டவணை 1.5க்கு 0.4332 காட்டினால், அது நடுவிலிருந்து அளப்பது; 0.5 கூட்டி 0.9332 என்று கொள்ளுங்கள். 0.9332 என்றே காட்டினால் எதையும் கூட்டக் கூடாது. −0.8 வந்தால் முதல் வகை அட்டவணையில் 0.8க்கு உள்ள 0.2881ஐ 0.5இலிருந்து கழியுங்கள்: 0.2119, அதாவது 21ஆம் நூற்றுமானம்.