கோடைத் தோட்டமும் விதை சேகரிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீசன் முடிந்து, பறிக்க மறந்த கடைசிக் காயிலிருந்து விதை எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் கோடையில் நடக்கும் பெரிய தவறு. விதையின் தரம் செடி பூக்கும்போதே முடிவாகத் தொடங்குகிறது. விதை முற்றும் நாட்களில் செடி தண்ணீரில்லாமல் காய்ந்தால், வெளியே பார்க்க நல்ல காயாக இருந்தாலும் உள்ளே விதை சூம்பிப்போகும். தண்ணீர் குறைவாக இருந்தால் எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்ற வேண்டாம். விதைக்கு ஒதுக்கிய செடிகளை முதலில் கவனியுங்கள்.

தினமும் மேலாகத் தெளித்துவிட்டு வருவதும் தவறுதான். மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே பரவும். அடுத்த நாள் வெயிலில் முதலில் காய்வது அந்த மண்தான். தரையில் வளரும் செடிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை இறங்குமாறு ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அநேகமாக தினமும் ஊற்றத்தான் வேண்டும். மதியம் பூசணி இலை துவண்டு தொங்கினால் உடனே குடத்தைத் தூக்க வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் வெயில் தாழ்ந்ததும் இலை தானாக நிமிர்ந்துவிடும். காலையிலும் துவண்டு கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். மண்ணை வெறுமனே காயவிடாமல் வைக்கோலோ சருகோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

தக்காளிப் பூ உதிர்ந்தால் பலரும் உரத்தைத் தேடுகிறார்கள். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் வீணாகிப் பிஞ்சு பிடிக்காது. இது உரத்தால் தீராது. காய்ந்த மண்ணில் போடும் உரம் வேரையும் கருக்கிவிடும். மதிய வெயிலை மறைக்க நிழல்வலை கட்டுங்கள், வெப்பம் குறையும்வரை பொறுங்கள்.

அப்புறம், எந்தச் செடியில் விதை எடுப்பது? வீரிய ஒட்டு ரகத்தில் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஹைப்ரிட்) எடுத்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை. பூசணி, சுரை, பீர்க்கு அப்படியில்லை. பக்கத்தில் அதே இனத்தின் வேறு ரகம் இருந்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். சுரையும் பாகலும் கலக்குமோ என்ற பயம் வேண்டாம், அவை வேறு வேறு இனம்.

கலக்காமல் காக்க ஒரு வழி உண்டு. மறுநாள் மலரப்போகும் பூசணிப் பூக்களில் ஆண் ஒன்று, அடியில் குட்டிக் காய் தெரியும் பெண் ஒன்று, இரண்டின் வாயையும் மாலையே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டுங்கள். அந்தக் காம்பில் ஒரு கலர் நூல் இருக்கட்டும், இல்லாவிட்டால் யாராவது பறித்துச் சமைத்துவிடுவார்கள். சுரைக்கும் பீர்க்குக்கும் இதே வேலையை மாலையில் செய்ய வேண்டும், அவற்றின் பூ அப்போதுதான் மலரும்.

சமைக்கும் பருவத்தில் பறித்த வெண்டையிலோ கத்தரியிலோ விதை முற்றியிருக்காது. வெண்டை செடியிலேயே காய்ந்து பழுப்பாக வேண்டும்; கத்தரி பளபளப்பு போய் மஞ்சளாகப் பழுக்க வேண்டும். ஆனால் எல்லாச் செடியிலும் காயை முற்றவிட்டால் புதுப் பிஞ்சு குறைந்துவிடும். வறட்சியைத் தாங்கி நன்றாகக் காய்த்த ஒன்றிரண்டு செடிகளை மட்டும் விதைக்கென்று விடுங்கள்.

தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு போக, சாற்றோடு சேர்த்து இரண்டு நாள் புளிக்கவிடுவார்கள். கடும் வெயில் காலத்தில் ஒரு நாளே போதும். தாமதித்தால் விதை அதிலேயே முளைவிடும். கழுவிய விதையை உச்சி வெயிலில் காயப்போடாதீர்கள், சூடு முளைப்புத்திறனைக் கெடுக்கும். காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தட்டில் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். வளைத்தால் படக்கென்று உடையும் அளவுக்குக் காய்ந்தபின் காற்றுப்புகாத பாட்டிலில் அடைத்து, ரகமும் தேதியும் எழுதுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்ததும் திறக்க வேண்டாம், பாட்டிலின் குளிர் தணியாமல் திறந்தால் விதைமேல் ஈரம் படிந்துவிடும்.

விதைப்பதற்கு முன் 10 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் சரி. பாதிதான் முளைத்தால் குழிக்கு ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள்.