எண்ணூர்த் தண்ணீரை ஆராயும் வேதியியல் பேராசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்கு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் விடைத்தாள், அட்மிஷன் வேலை. நேரம் இல்லாததால் பலரும் சுலபமான தலைப்பில் சிக்கிக்கொள்கிறார்கள். தேங்காய் ஓட்டுக் கரியில் மெத்திலீன் ப்ளூ சாயத்தை உறிஞ்சவிட்டு, உறிஞ்சும் அளவைக் கணக்கிடும் லாங்மியர் சமன்பாட்டில் பொருத்தி ஒரு கட்டுரை. அடுத்த ஆண்டு வேறு ஓடு, அதே சாயம். காய்ச்சி வடித்த நீரில் கரைத்த ஒற்றைச் சாயத்தை வைத்து மணலி ஆலைக் கழிவைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

பஸ் ஏறினால் எண்ணூர் முகத்துவாரம். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள்ளேயே எண்ணெய் வந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. வாழ்நாள் முழுக்க ஆராயும் அளவுக்கு அங்கே கேள்விகள் இருக்கின்றன.

ஆனால் தண்ணீர் எடுக்கும்போதே பாதி ஆராய்ச்சி கெட்டுவிடுகிறது. ஓதம், அதாவது கடல்மட்டம், ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும். ஏற்றத்தில் எடுத்த ஜனவரி மாதிரியையும் இறக்கத்தில் எடுத்த ஜூன் மாதிரியையும் ஒப்பிட்டால், கடல்நீர் எவ்வளவு கலந்திருந்தது என்பதே விடையாக வரும். போகும் முன் அங்குள்ள மீனவர்களிடம் நேரம் கேளுங்கள், எடுத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். கரைந்த உலோகங்களை அளப்பதென்றால் 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த பிறகே நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அமிலத்தை முதலில் விட்டால் சேற்றில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து கணக்கில் ஏறிவிடும். எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில்தான். மாதிரி நீராலேயே மூன்று முறை அலசும் பழக்கம் இங்கே கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டி அளவு கூடிவிடும். கரைந்த ஆக்சிஜனை அளவு மாறாமல் பிடித்துவைக்கும் விங்க்லர் கரைசல்களைக் கரையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு பெரிய தவறு சிஓடி, அதாவது நீரிலுள்ள கரிம மாசை டைக்ரோமேட் என்ற வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றி அளக்கும் சோதனை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. டைக்ரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றும். குளோரைடைக் கட்டிப்போட மெர்க்குரிக் சல்ஃபேட் சேர்த்தாலும் வழக்கமான முறை லிட்டருக்கு 2 கிராம் குளோரைடு வரைதான் தாங்கும். அதனால் முகத்துவார நீரில் பயமுறுத்தும் சிஓடி எண் வந்தால், குளோரைடை அளந்து பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். உப்பு நீருக்கு மொத்தக் கரிமக் கார்பன் அளவீடு மேல்.

கருவி இல்லை என்று கைவிடவும் வேண்டாம். ஐஐடி மெட்ராஸின் கருவி மையம் வெளிக் கல்லூரி மாதிரிகளையும் கட்டணத்துக்கு அளந்து தருகிறது. கூடவே அதே பாட்டிலில், அதே அமிலத்தோடு, வெறும் தூய நீரையும் அனுப்புங்கள். அது இல்லாத எண்களை நான் நம்புவதில்லை.

பதவி உயர்வுக்காகப் பணம் கட்டி ஒரே வாரத்தில் அச்சாகும் இதழில் போடுவது, இத்தனை உழைப்பையும் வீணாக்கும். தரமான இதழ்களைச் சுட்டிய யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது இதழின் தரத்தை நாமேதான் பார்த்தாக வேண்டும்.

சிஓடி கழிவில் பாதரசம், வெள்ளி, குரோமியம் மூன்றும் இருக்கின்றன. சிங்க்கில் ஊற்றாமல் தனி கேனில் சேர்த்து, பெயர் எழுதி ஒட்டி, உரிமம் பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் கொடுக்க முதல்வரிடம் இப்போதே அனுமதி வாங்கிவையுங்கள்.